ஒரு கற்பனைக் கல்ட்டுக்கு எத்தனை பெயர்கள் வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், அதில் வரும் மர்மமான கல்ட் குழுவுக்கு, அதாவது ஒரு தலைவரையோ நம்பிக்கையையோ கண்மூடிப் பின்பற்றும் கூட்டத்துக்கு, பெயர் தேடுகிறார். 'இருளின் புதல்வர்கள்', 'குருதிநிலவுச் சபை', 'மரணப் பீடம்' என்று சிலவற்றை எழுதிவைத்திருக்கிறார். எதுவும் நம்பும்படியாக இல்லை என்று அவருக்கே தோன்றுகிறது. உண்மையில் இருந்த கல்ட்களின் பெயர்களைப் பார்த்து ஏதேனும் கற்றுக்கொள்ள முடியுமா என்பது அவருடைய கேள்வி.

நிறையவே கற்றுக்கொள்ளலாம். அவருடைய பட்டியலில் உள்ள குறை, அந்தப் பெயர்களைச் சூட்டியவர் நாவலாசிரியர்தான் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடுவதுதான். கதைக்குள் வாழும் எந்த மனிதரும் தாம் தொடங்கும் குழுவுக்கு 'மரணப் பீடம்' என்று பெயர் வைக்க மாட்டார். ஒரு குழு வளர வேண்டுமானால், புதிதாகச் சேர்ந்த பெண் அதன் பெயரைத் தன் தாயிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் கூசாமல் சொல்ல முடிய வேண்டும்; கேட்பவரும் "அப்படியா, நல்ல விஷயம்தானே" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். ஆகவே பெயரை வாசகரைப் பயமுறுத்துவதற்காக வைக்காமல், உள்ளே வரப்போகும் ஆளை வரவேற்பதற்காக வைக்க வேண்டும். அச்சம் பிறகு தானாக வரும். பெயருக்கும் நடப்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கதை காட்டக் காட்ட அது வரும்.

உண்மையான பெயர்களைப் பாருங்கள். 1978 நவம்பர் 18 அன்று கயானாவில் 900-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். ஜிம் ஜோன்ஸ் நடத்திய அந்தக் குழுவின் பெயர் 'மக்கள் கோயில்'. அவர்கள் வாழ்ந்த குடியிருப்பை உலகம் ஜோன்ஸ்டவுன் என்று அழைத்தாலும், அதன் முறையான பெயர் 'மக்கள் கோயில் வேளாண்மைத் திட்டம்'. ஏதோ ஒரு கூட்டுறவுப் பண்ணையின் பெயர்ப்பலகையில் இருக்க வேண்டிய சொற்கள் அவை. சிலியில் பால் ஷேஃபர் என்ற ஜெர்மானியர் 1961-இல் அமைத்த குடியிருப்பு 'கொலோனியா டிக்னிதாத்', அதாவது கண்ணியக் குடியிருப்பு என்று அறியப்பட்டது. பதிவில் அது ஓர் அறப்பணி மற்றும் கல்விச் சங்கம். சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமையும், பினோசெட் ஆட்சியின் இரகசியப் போலீசார் நடத்திய சித்திரவதையும் அந்த வேலிக்குள்தான் நடந்தன. உகாண்டாவின் கனுங்குவில் 2000 மார்ச் மாதம் நூற்றுக்கணக்கானோர் தீயில் மாண்ட குழுவின் பெயர் 'கடவுளின் பத்துக் கட்டளைகளை மீட்டெடுக்கும் இயக்கம்'. இவற்றில் ஒன்றிலாவது இருளோ இரத்தமோ இல்லை. மக்கள், கண்ணியம், கட்டளை, மீட்பு என்று எல்லாமே மரியாதையான சொற்கள்.

அப்படியானால் பயங்கரமாக ஒலிக்கும் பெயர்கள் வரலாற்றில் இல்லவே இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வெளியார் வைத்தவை. 18-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில், காமத்தை வேரறுப்பதற்காகத் தம் உறுப்புகளையே வெட்டிக்கொண்ட ஒரு பிரிவினர் இருந்தார்கள். ஊரார் அவர்களை 'ஸ்கோப்சி', அதாவது காயடிக்கப்பட்டவர்கள் என்று அழைத்தார்கள். அவர்களோ தம்மை 'வெள்ளைப் புறாக்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். எந்த நாவலாசிரியரும் இதைவிடச் சிறந்த இணையைக் கற்பனை செய்துவிட முடியாது என்பது என் கருத்து. ஒரே மனிதர்களைக் குறிக்கும் அந்த இரண்டு பெயர்களுக்கு இடையில் ஒரு முழுக் கதையே இருக்கிறது. கல்ட் என்று சொல்லத் தகாத சமயப் பிரிவுகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது: குவேக்கர் என்பது கேலிப்பெயராகத் தொடங்கியது, அவர்கள் தம்மை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டனர். சில சமயம் வெளியார் வைத்த பெயரைக் குழுவே விரும்பி ஏற்றுக்கொள்வதும் உண்டு. டேவிட் பெர்க் 1968-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இளைஞர் குழுவுக்குக் 'கடவுளின் பிள்ளைகள்' என்ற பெயர் பத்திரிகையாளர் ஒருவர் வாயிலாக வந்தது என்பார்கள்.

ஆகவே 'இருளின் புதல்வர்கள்' என்ற பெயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை ஒரு செய்தித்தாளின் தலைப்பாகவோ, பக்கத்து ஊர்க்காரர்களின் வசையாகவோ வைத்துக்கொள்ளலாம். குழுவுக்குள் இருக்கும் ஒரு பாத்திரம் அந்தப் பெயரை முதன்முறை கேட்டுத் திடுக்கிடும் காட்சி, குழுவைப் பற்றிய நான்கு பக்க விளக்கத்தைவிட அதிகம் சொல்லிவிடும்.

இங்கிருந்து அடுத்த விஷயம் பிறக்கிறது. உண்மையான குழுக்களுக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பதில்லை. பெயர்களின் வரலாறு இருக்கிறது. 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் தலைவர் உட்பட 39 பேர் தற்கொலை செய்துகொண்ட குழுவைச் 'சொர்க்கத்தின் வாசல்' என்று நாம் அறிகிறோம். ஆனால் மார்ஷல் ஆப்பிள்வைட்டும் பானி நெட்டில்ஸும் 1970-களில் அதைத் தொடங்கியபோது அதன் பெயர் 'மனிதத் தனிநபர் உருமாற்றம்' என்று ஏதோ ஆய்வகத் திட்டம் போல ஒலித்தது; 1990-களின் தொடக்கத்தில் மதுப்பழக்கத்திலிருந்து மீள்வோர் சங்கத்தின் பெயரை நினைவூட்டும் வேறொரு பெயரையும் சூடிக்கொண்டது. 'வாசல்' என்ற சொல் கடைசியில்தான் வந்தது. அதாவது, உடலோடு உருமாறி விண்கலம் ஏறலாம் என்ற நம்பிக்கை, நெட்டில்ஸ் 1985-இல் நோயால் இறந்த பிறகு, உடலை விட்டுவிட்டு வெளியேறுவது என்ற நம்பிக்கையாக மாறியதற்குப் பின்னர். கொள்கை மாறும்போது பெயரும் மாறுகிறது. அல்லது பெயர் மாறுவதைக் கவனித்தாலே கொள்கை மாறுவதைக் கண்டுகொள்ளலாம். எச்சரிக்கை தர விரும்பும் எழுத்தாளருக்கு இது நல்ல கருவி.

1993-இல் டெக்சாஸின் வேக்கோவில் 51 நாள் முற்றுகைக்குப் பின் எரிந்த 'கிளைத் தாவீதியர்' குழுவின் பெயரில் அதன் பிளவுகள் அனைத்தும் படிந்திருக்கின்றன. 1930-களில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையிலிருந்து பிரிந்த விக்டர் ஹௌடெஃபின் ஆதரவாளர்கள், அவர் எழுதிய நூலின் பெயராலேயே 'மேய்ப்பனின் கோல்' எனப்பட்டார்கள். 1942-இல் தாவீதின் அரசை எதிர்பார்ப்பவர்களாகத் 'தாவீதியர்' ஆனார்கள். ஹௌடெஃப் இறந்த பிறகு உடைந்த பிரிவுகளில் ஒன்று, விவிலியத்தில் வரவிருக்கும் மீட்பருக்கு உரிய 'கிளை' என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் வந்த தலைவர் வெர்னன் ஹோவல், 1990-இல் தன் பெயரையே டேவிட் கோரேஷ் என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார்: தாவீது அரசன் ஒரு பக்கம், பாபிலோனை வென்ற பாரசீக மன்னன் கோரேசு மறுபக்கம். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை அழிக்காமல் அதன் மேல் ஒரு சொல்லை வைத்துக்கொண்டே போயிருக்கிறது. உங்கள் கற்பனைக் குழு ஒரு தாய்ச்சபையிலிருந்து பிரிந்ததாக இருந்தால், அந்தத் தாய்ச்சபையின் ஒரு சொல்லாவது அதன் பெயரில் ஒட்டியிருக்கட்டும். பிரிந்தவர்கள் தாங்கள்தான் உண்மையான வாரிசுகள் என்று நம்புவார்கள். வாரிசு என்று நம்புபவர் குடும்பப் பெயரை விட மாட்டார்.

பெரும் குற்றத்துக்குப் பிறகு வரும் பெயர்மாற்றம் வேறு வகை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ, 1980-களின் நடுவில் ஒரு யோகப் பயிற்சி வகுப்பாகத்தான் தொடங்கியது. தாக்குதலுக்குப் பின், 2000-இல், அது ஹீப்ரு அரிச்சுவடியின் முதல் எழுத்தான 'ஆலெஃப்' என்பதைப் பெயராக்கிக்கொண்டது. முதல் எழுத்து என்றால் புதிய தொடக்கம். பழையதை எதுவும் குறிக்காத, வழவழப்பான, சிறிய பெயர். 2007-இல் அதிலிருந்தும் பிரிந்த ஒரு பகுதியினர் 'ஒளிவளையம்' என்று பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்டார்கள். குற்றத்துக்கு முன் வைக்கப்படும் பெயர் எதையோ வாக்களிக்கிறது. பின் வைக்கப்படும் பெயர் எதையும் சொல்லாமலிருக்கப் பாடுபடுகிறது.

பெயரின் மொழிநடை, தலைவர் யாரைக் குறிவைக்கிறார் என்பதையும் காட்டிவிடும். 1984-இல் ஜெனீவாவில் உருவாகி, 1994 முதல் 1997 வரை சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், கனடா நாடுகளில் 74 பேரின் சாவுக்குக் காரணமான 'சூரியக் கோயில் சபை' இடைக்காலத்து டெம்ப்ளர் வீரத்துறவிகளின் பழமையைக் கடன் வாங்கியது. அதில் சேர்ந்தவர்களில் வசதியும் படிப்பும் உள்ளவர்கள் பலர். இதற்கு நேர்மாறாக, கீத் ரனியெரி 1998-இல் தொடங்கிய நெக்சியம், 'நிர்வாகிகளுக்கான வெற்றித் திட்டங்கள்' என்ற பயிற்சி வகுப்பாக அறிமுகமானது. சமயத்தின் வாடையே இல்லை. அதன் உள்ளே பெண்களை 'எஜமானி', 'அடிமை' என்று அடுக்கி, உடலில் சூடுபோட்ட இரகசியக் குழுவுக்கு மட்டும் ஓட்டை உடைசல் லத்தீனில் ஒரு பெயர் இருந்தது. வெளிக்கதவில் அலுவலக மொழி, உள்ளறையில் மந்திர மொழி. ரனியெரிக்கு 2020-இல் 120 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தமிழில் எழுதுபவருக்கு இந்த மொழிநடை விஷயத்தில் பெரும் வசதி உண்டு, ஏனெனில் நம் மொழியில் ஒவ்வொரு பின்னொட்டும் தன் வரலாற்றைச் சுமந்துகொண்டு வருகிறது. 'பீடம்' என்றால் அதில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். 'மன்றம்' என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரும். 'சபை' கிறித்தவத்துக்கும் இசைக்கும் பொதுவானது. 'சமிதி' வடக்கே பார்க்கும். 'அறக்கட்டளை' என்றால் கணக்கரும் வரிவிலக்கும் கூடவே வருவார்கள். 'வட்டம்', 'இல்லம்', 'கூடம்' ஆகியவை அமைதியானவை. அதனாலேயே என் விருப்பத்துக்குரியவை. 'குடும்பம்' என்ற சொல்லை உலகெங்கும் இத்தகைய குழுக்கள் எடுத்து எடுத்துத் தேய்த்துவிட்டன. பெயரில் 'தெய்வீக', 'ஞான', 'பிரபஞ்ச' போன்றவை வந்தால் நிறுவியவர் ஒரு தலைமுறைக்கு முந்தியவர் என்று வாசகர் ஊகித்துக்கொள்வார். 'மனம்', 'ஆற்றல்', 'திறன்' வந்தால் அவர் காலர் மைக் அணிந்து பேசுபவர். தனித்தமிழில் அமைந்த பெயர் வேறொரு வகை ஆளைக் காட்டும். எதை வைத்தாலும், நிறுவியவர் எப்போது, எங்கே, என்ன படித்தார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அவருடைய வாயிலிருந்து பெயரை எடுக்க வேண்டும்.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன். நெருங்கியவரை இழந்தவர்கள் கூடிப் பேசுவதற்காக ஒருவர் வாரம் ஒருமுறை நடத்தும் சந்திப்பாக நம் குழு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மென்மையாகப் பேசுபவர், மகனை நீரில் பறிகொடுத்தவர். பிறவியைக் கடலாகவும் வீடுபேற்றைக் கரையாகவும் காணும் உருவகம் நம் மொழியில் மிகப் பழையது என்பதால், அவர் தம் சந்திப்புக்கு 'மறுகரை நண்பர்கள்' என்று பெயர் வைப்பதில் யாருக்கும் வியப்பு இருக்காது. இறந்தவர்கள் மறுகரையில் இருக்கிறார்கள் என்பது முதல் ஆண்டில் வெறும் ஆறுதல் வார்த்தை. மூன்றாம் ஆண்டில் அது கொள்கை. அப்போது பெயரிலிருந்து 'நண்பர்கள்' உதிர்ந்து 'மறுகரை' மட்டும் நிற்கும், ஏனெனில் நண்பர்கள் என்றால் அனைவரும் சமம். அவர் இப்போது சமமானவர் இல்லை. சார் என்று அழைத்துவந்தவர்கள் அவரை 'ஓடக்காரர்' என்று அழைக்கத் தொடங்கியிருப்பார்கள். நன்கொடை வரத் தொடங்கியதும் பதிவு தேவைப்படும்: 'மறுகரை துயராற்றுப்படுத்தும் அறக்கட்டளை'. ரசீதில் மட்டும் இருக்கும், யாரும் வாயால் சொல்லாத பெயர்.

உள்ளே இருப்பவர்களுக்கோ அது வெறும் 'கரை'. "இன்றைக்குக் கரைக்கு வருகிறாயா?" என்றால் போதும். கரை என்ற ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டதும் மீதி அகராதி தானாக முளைக்கும். வெளியே இருப்பவர்கள் 'நீரில் இருப்பவர்கள்'. ஐயம் எழுப்புவது 'தளும்புவது'. சொத்தை எழுதிக்கொடுப்பது 'சுமை இறக்குவது'. குழுவை விட்டு வெளியேறியவனைப் பற்றிக் கேட்டால் "அவன் மூழ்கிவிட்டான்" என்பார்கள். அதைச் சொல்பவர் குரலில் கோபம் இருக்காது, உண்மையான துக்கம் இருக்கும். மூளைச்சலவையை ஆராய்ந்த உளமருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், 1961-இல் வகுத்த எட்டு அடையாளங்களில் ஒன்றாக இப்படி மொழியைச் சுமையேற்றுவதைச் சொல்கிறார்: சிக்கலான கேள்விகள் அனைத்தையும் குழுவின் சில தயார்ச் சொற்களுக்குள் அடக்கி, சிந்தனையை அங்கேயே நிறுத்திவிடுவது. 'மூழ்கிவிட்டான்' என்ற பிறகு அவன் ஏன் போனான் என்று யாரும் கேட்பதில்லை, பாருங்கள்.

ஊராருக்கு இந்த உருவகமெல்லாம் தெரியாது. அவர்கள் கண்ணில் படுவது, விடியுமுன் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வரிசையாக நடந்துபோகும் கூட்டம், ஆகவே 'ஈரத்தலையர்கள்'. வெளியார் வைக்கும் பெயர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதிலிருந்துதான் வரும்: உடை, முடி, நடை, ஓசை. மண்டையோட்டை ஏந்தியவர்களுக்கு வழங்கும் காபாலிகர் என்ற பெயரும் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதைக் குறிப்பதுதான். விசாரணை நடந்து குழு கலைந்த பிறகு, எஞ்சிய சிலர் வேறொரு பெயரில் கூடுவார்கள். 'புதுத்துறை' என்று வைக்கலாம். துறை என்றாலும் கரைதான் என்பதை வாசகர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

உறுப்பினர்களுக்குத் தனிப்பெயர் சூட்டுவதையும் யோசியுங்கள். சொர்க்கத்தின் வாசலில் ஒவ்வொருவரும் மூன்று எழுத்துகளோடு 'ஓடி' என்று முடியும் பெயரை ஏற்றார்கள். தலைவர்கள் இருவரும் இசைச்சுரங்களிலிருந்து 'டோ', 'டி' என்று பெயரெடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் 1970-களில் வாழ்ந்த 'மூலக் குடும்பம்' எல்லாருக்கும் 'அக்வேரியன்' என்ற ஒரே குடும்பப் பெயரைக் கொடுத்தது. பழைய பெயரைக் கழற்றுவது பழைய உறவுகளைக் கழற்றுவதற்கு முதல் படி. ஆனால் கதையில் இதை அளவோடு செய்ய வேண்டும். பன்னிரண்டு பாத்திரங்களின் பெயரும் ஒரே ஓசையில் முடிந்தால், யார் யார் என்று வாசகருக்குக் குழம்பிவிடும்.

பெயர் கிடைத்ததும் நான் செய்யும் சோதனை, அதற்கு வேற்றுமை உருபுகளை ஏற்றிப் பார்ப்பது. மறுகரையில், மறுகரைக்கு, மறுகரையிலிருந்து, மறுகரைக்காரர்கள் என்று எல்லா வடிவத்திலும் நாக்கு தடுக்காமல் ஓடுகிறதா? 'அண்டப் பேரொளி ஆன்ம விடுதலைப் பேரவை' என்று வைத்துவிட்டு, முந்நூறு பக்கத்துக்கு உரையாடல் எழுதிப் பாருங்கள். இருபதாம் பக்கத்திலேயே உங்கள் பாத்திரங்கள் அதைப் 'பேரவை' என்று சுருக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கம்தான் உண்மையான பெயர், ஆகவே அது தனியாக நிற்கும் அளவுக்கு வலுவாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பிறகு, கோபத்தில் ஒருவர் கத்துவதற்கும், காவல் அதிகாரி ஒருவர் எழுத்துக்கூட்டி எழுதுவதற்கும், குழந்தை ஒன்று மழலையில் சொல்வதற்கும் அது ஏற்றதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

கற்பனை உலகக் கதைகளில் விதிகள் சற்றுத் தளரும். அங்கே உண்மையாகவே பேய்த்தெய்வம் இருந்து, அதை வெளிப்படையாக வணங்குவது வழக்கமாக இருந்தால், 'குருதிநிலவு' கூட மரியாதையான சொல்லாகிவிடும். அங்கதக் கதைக்கு நீண்ட பெயர்தான் அழகு. அறிவியல் புனைவுக்கு நிறுவனத் தொனி பொருந்தும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். 'கல்ட்' என்ற சொல்லே தீர்ப்பைச் சுமந்துவருவது என்பதால்தான், சமய ஆய்வாளர்கள் பலர் 'புதிய சமய இயக்கம்' என்ற நடுநிலையான சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சிறுபான்மைச் சமயம் எதையாவது நினைவூட்டும் பெயரை வில்லன் குழுவுக்கு வைத்தால், கதையில் இல்லாத ஒரு குற்றச்சாட்டை உண்மையான மனிதர்கள் மேல் சுமத்துகிறீர்கள். எனவே முடிவுசெய்த பெயரை, சேர்த்தெழுதியும் பிரித்தெழுதியும், ஆங்கில எழுத்திலும், 'சபை', 'அறக்கட்டளை', 'டிரஸ்ட்' ஆகியவற்றைச் சேர்த்தும் இணையத்தில் தேடிப் பாருங்கள். எங்கோ ஒரு முதியோர் இல்லமோ படிப்பகமோ அதே பெயரில் இயங்கினால் உங்கள் பெயரை மாற்றிவிடுங்கள். குழுவின் உள்மொழி சரியாக அமைந்திருந்தால், 'மறுகரை' என்பதை 'அக்கரை' என்று மாற்றினாலும் ஓடக்காரரும் மூழ்கியவர்களும் அப்படியே இருப்பார்கள்.